கேட்டன்

நான் வேலை செய்கிற ஊருக்குப் பெயர் கேட்டன்.
வெள்ளைக்காரர் வாயில் அது வெறும் ஊர்.
எங்கள் வாயில் அது ஒரு முழு வசனம்.
பதினொரு வருடம் அங்கே
புரோக்கோலி கழுவுகிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று
கேட்டதெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன்.

டூவும்பாவில் காது பார்க்கிற பெண்
தாளில் ஒரு கோடு இழுத்தாள்.
நேராய்ப் போன கோடு
நாலாயிரத்துக்குப் பக்கத்தில் படி தவறி விழுந்தது.
ஆறாயிரம் ஹெர்ட்ஸ் உங்களுக்கு இனி இல்லை என்றாள்,
காணி விற்றுப்போன செய்தி சொல்வதுபோல.

நிரோஜினிக்குக் கேட்டது.
ஜனவரி, நாற்பது பாகை வெயில், மலை ஏறும்போது.
"தகரப் பேணிக்குள்ள கல்லைப் போட்டுக் குலுக்கிற மாதிரி."
ரேடியோவை நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கினேன்.
லொறி. காற்று. வேறொன்றும் இல்லை.
உனக்குப் பிரமை என்று சொன்னதை
இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிறகு மஞ்சள் விளக்கு எரிந்தது.
ஏற்றத்தில் கார் இளைத்தது.
பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தானாம்,
அதுவும் அவள் சொல்லித்தான்.

கராஜில் எண்ணூற்றெண்பது டொலர் கேட்டார்கள்.
சாமான் அறுபது.
மிச்சம், அது இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேருகிற கூலி.

ஞாயிற்றுக்கிழமை நாங்களே திறந்தோம்.
மேனிபோல்டைத் தூக்கினால்
இரண்டு வரிசைச் சிலிண்டருக்கும் நடுப்பள்ளத்தில்
எலிப்புழுக்கை, காய்ந்த யூக்கலிப்டஸ் இலை,
உளுந்து வடை மாதிரி ஒரு கறுப்புச் சாமான்.
நடுவில் ஓட்டை, ஓட்டைக்குள் போல்ட்.
நொக் சென்சர்.

அதற்குக் காதுத் துவாரம் கிடையாது.
காற்றை நம்பாது.
இரும்போடு ஒட்டிக் கிடந்து எலும்பால் கேட்கும்.

ஸ்பார்க் வைக்கிற தீ ஒழுங்காய்ப் பரவ வேண்டும்.
வெயில், பாரம், நான் தேடித் தேடி அடித்த மலிவுப் பெட்ரோல்
எல்லாம் சேர்ந்தால்
முறை வருமுன்பே ஒரு மூலை தானாய்ப் பற்றும்.
இரண்டு நெருப்பும் முட்டும். இரும்பு கிணுகிணுக்கும்.
அந்தக் கிணுகிணுப்பு ஆறாயிரம் சொச்சம்.
என் தாளில் இல்லாத அதே இடம்.

அப்போது சென்சருக்குள் ஒரு பீங்கான் வில்லை நசுங்கித்
துளி மின்சாரம் கசியும்.
கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைக் கொஞ்சம் பிந்த வைக்கும்.
செய்தியே வராவிட்டால்
எப்போதும் பிந்தி, எப்போதும் பயந்து,
அடி விழாமலே குனிந்து நடக்கும்.
எனக்குத் தெரியும் அந்த நடை.
சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்த பிறகு
நானும் சிரிப்பேனே, அது.

பழையதை மல்ட்டிமீட்டரில் மாட்டிக் கரண்டியால் தட்டினேன்.
பூச்சியம்.
புதியதைத் தட்டினேன். முப்பது மில்லிவோல்ட், நாற்பது.
நிரோஜினி கரண்டியைப் பறித்துத்
தானும் தட்டிப் பார்த்தாள்,
தேவைக்கு மேலேயே.

இருந்த இடத்தைத் துரு போகத் துடைத்தோம்.
கிறீஸ் வேண்டாம், வாஷர் வேண்டாம்.
இடையில் எது வந்தாலும் பேச்சு மாறிப்போகும்.
எலி பதம் பார்த்த வயருக்குப் புது வயர்.
இருபது நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் ஒரு சொட்டு வீரம் கூடாது.
தளர்ந்தாலும் தப்பாய்க் கேட்கும், நெரித்தாலும் தப்பாய்க் கேட்கும்.
அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்னும் என்றாள்.
அது எனக்கு உள்ளங்கையில் வந்தது.

திங்கள் பின்னேரம் அதே மலை.
கஞ்சத்தனத்தை விட்டுத் தொண்ணூற்றைந்து அடித்திருந்தேன்.
"சத்தம் ஏதும் வருதோ?"
தலையைச் சரித்துக் கனநேரம் கேட்டாள்.
"ஒண்டும் கேக்கேல்லை."
"எனக்கும்தான்" என்றேன்.

அவள் சிரித்து முடிக்குமுன்
முன்னால் போன மாட்டு லொறியை முந்தினோம்.
மாடுகள் எங்களையே பார்த்தன.